39 டாலர் பட்டனை அழுத்தும் முன்: டாக்டர்களுக்கு ஒரு நூலகர் எழுதுவது

மருத்துவக் கல்லூரி நூலகம் ஒன்றில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், பொது மருத்துவத்தில் பிஜி படிக்கும் டாக்டர் ஒருவர் வந்து போனை நீட்டினார். கண்ணாடிவிரியன் கடித்துச் சிறுநீரகம் பழுதானவர்களைப் பற்றிய கட்டுரை. திரையில் சுருக்கம் மட்டும் தெரிந்தது. அதன் கீழே 39 டாலர் கேட்டு ஒரு பட்டன். "வார்டுல இதே மாதிரி ஒருத்தர் இருக்கார் மேடம். களை எடுக்கப் போன இடத்துல கடிச்சிருக்கு" என்றார்.

அந்தப் பட்டனை அழுத்த வேண்டாம். முதலில் கட்டுரையின் தலைப்பை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுள் ஸ்காலரில் தேடுங்கள். முடிவின் கீழே 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பு இருந்தால் அதைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறம் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட். அங்கே முழுக் கட்டுரை இலவசமாக இருந்தால் வலது பக்கம் இணைப்பு தெரியும். உங்கள் கணினியின் பிரவுசரில் அன்பேவால் என்ற இலவச நீட்சியைச் சேர்த்துவிடுங்கள். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்கேயாவது இருந்தால், கட்டுரைப் பக்கத்தின் ஓரத்தில் திறந்த பூட்டு ஒன்று பச்சை நிறத்தில் வரும். அன்றைக்கு எங்களுக்கு வந்தது. கட்டுரை ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில், இதழ் ஏற்றுக்கொண்ட கடைசிப் பிரதி, ஆசிரியர் அனுப்பிய வடிவிலேயே கிடந்தது. அச்சுக்கோப்பு இல்லை, மற்றபடி விஷயம் அதேதான். நாலு நிமிடம் ஆனது.

எதுவும் கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். எந்த ஊர், என்ன நோயாளி, எதற்குக் கட்டுரை வேண்டும் என்று மூன்று வரி போதும். அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் நூலகரிடம் 'ஒரே நாடு ஒரே சந்தா' பற்றியும் கேளுங்கள். 2024 நவம்பரில் மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த திட்டம் அது. அரசு உயர்கல்வி நிறுவனங்களில் இருப்பவர்கள் சந்தா இதழ்களைப் படிப்பதற்கானது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டருக்கு மேலே சொன்ன வழிகள்தான். பலர் ஹினாரி பற்றிக் கேட்பார்கள். 2002-ல் உலக சுகாதார நிறுவனம் பதிப்பகங்களோடு சேர்ந்து ஏழை நாடுகளுக்கு மருத்துவ இதழ்கள் கிடைக்கத் தொடங்கிய அந்தத் திட்டத்தில் நேபாளம் உண்டு, இந்தியா இல்லை. விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதையெல்லாம் நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு லைபீரியாதான் காரணம். எபோலா தாண்டவமாடிய பிறகு, 2015-ல், அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரி பெர்னிஸ் டான் இன்னும் இருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் சொன்னது இதுதான். லைபீரியாவில் எபோலா இருக்கிறது என்று 1982-லேயே ஓர் ஐரோப்பிய இதழில் எழுதியிருந்தார்கள். எழுதியவர்களில் லைபீரியர் ஒருவரும் இல்லை. அதைத் தரவிறக்க 45 டாலர், அங்கே ஒரு டாக்டரின் அரை வாரச் சம்பளம். எச்சரிக்கை அச்சில் இருந்தது, தேவைப்பட்டவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

சரி, இனி நீங்கள் எழுதும் பக்கம். அதே டாக்டர் தன் வார்டின் 41 பாம்புக்கடி நோயாளிகளைப் பற்றி எழுதத் தொடங்கினார். எத்திக்ஸ் கமிட்டி அனுமதியைத் தரவு சேர்க்கும் முன்பே வாங்கியிருந்தார், நல்ல வேளை. பின்தேதியிட்டு அது கிடைக்காது. ஆட்களைச் சேர்த்து மருந்தைச் சோதிப்பதாக இருந்தால், முதல் ஆளைச் சேர்க்கும் முன் சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவும் வேண்டும்.

ஒரு நாள் பூரிப்போடு, ஓர் இதழ் கட்டுரை கேட்டு அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினார். 'மாண்புமிகு பேராசிரியர் அவர்களே' என்று தொடங்கியது. அவர் இன்னும் பிஜி மாணவர். மூன்று நாளில் ஏற்பு, கட்டுரையை வெளியிடக் கட்டணம் 900 டாலர். இதழின் பெயரில் நெஃப்ராலஜி, அதாவது சிறுநீரகவியல், இருந்தது, போன இதழைத் திறந்தால் மாட்டுத்தீவனம் பற்றி ஒரு கட்டுரை. ஆசிரியர் குழுவில் இருந்த ஒருவருக்கு நானே எழுதிக் கேட்டேன். தன் பெயர் அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. காசுக்காக நடத்தும் போலி இதழ் அது.

இதழ் தேட டிஓஏஜே என்ற, வாசகர் காசில்லாமல் படிக்கக்கூடிய திறந்த இதழ்களின் அட்டவணைக்குப் போங்கள். கட்டணம் இல்லாத இதழ்களை மட்டும் வடிகட்டிப் பார்க்க அங்கே வசதி உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புல்லட்டின் ஆசிரியரிடமும் காசு வாங்குவதில்லை, வாசகரிடமும் வாங்குவதில்லை. எந்த இதழானாலும் கட்டணப் பக்கத்தை, சமர்ப்பிக்கும் அன்றே இன்னொரு முறை படியுங்கள். 'கூகுள் ஸ்காலரில் இருக்கிறது' என்று இதழ் சொல்லிக்கொள்வது தரச்சான்று ஆகாது.

கட்டணம் கேட்கும் நல்ல இதழ் என்றால் விலக்கு கேளுங்கள். இங்கேதான் நமக்குச் சிக்கல். உலக வங்கிக் கணக்கில் நாம் கீழ்-நடுத்தர வருமான நாடு. ஆனால் பொருளாதாரத்தின் மொத்த அளவு பெரிது என்பதால் பல பதிப்பகங்களின் தானியங்கி விலக்குப் பட்டியலில் நம் பெயர் வராது. தனிப்பட்ட முறையில்தான் கேட்க வேண்டும், அதுவும் சமர்ப்பிக்கும்போதே. கட்டுரையை ஏற்ற பிறகு கேட்டால் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். ஆய்வுக்கு நிதி எதுவும் வரவில்லை, கட்டினால் சொந்தச் சம்பளத்திலிருந்துதான் என்று நேராக எழுதுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை.

சந்தா இதழில் போட்டாலும் கதவு மூடிவிடாது. ஏற்கப்பட்ட பிரதியைக் களஞ்சியத்தில் போடப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன, சில மாதம் காத்திருக்கச் சொல்லலாம். முன்பு ஷெர்பா ரோமியோ என்றிருந்த ஓப்பன் பாலிசி ஃபைண்டர் தளத்தில் இதழின் பெயரைப் போட்டால் விதி தெரியும். அதற்கு, திருத்தம் முடிந்த கடைசி வேர்டு கோப்பு கையில் இருக்க வேண்டும். அதைத் தொலைத்துவிட்டு என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். இன்றே அந்தக் கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று சொன்ன 2020-ஆம் ஆண்டு ஆய்வு திறந்த இதழில்தான் வந்தது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில். அதனால் உங்கள் முடிவைத் தமிழில் ஒரு பக்கமாகவும் எழுதுங்கள். நம் டாக்டரின் கட்டுரை இப்போது இரண்டாவது சுற்றுத் திருத்தத்தில் இருக்கிறது. அவர் எழுதிய தமிழ்ப் பக்கத்தை ஓபி சீட்டு வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். கயிறு கட்டாதீர்கள், கடிவாயைக் கீறாதீர்கள், கடித்த காலை அசைக்காமல் வைத்து உடனே 108-க்குக் கூப்பிடுங்கள் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. வரிசையில் நிற்பவர்கள் வாய்விட்டுப் படிப்பதை இரண்டு மூன்று முறை கேட்டேன்.