தலைக்கு மேல் குறுக்கிடும் இரு விமானங்கள்: இடைவெளியைக் கணித்தறியும் முறை

வளைகுடா நாடுகளுக்கும் கொழும்புக்கும் இடையே பறக்கும் விமானங்கள் பல திருநெல்வேலிச் சீமையின் வானத்தைக் கடந்து செல்கின்றன. மாசி, பங்குனி மாதங்களில் பொதிகை மலைமேல் மேகம் படியாத மாலைகளில் பாளையங்கோட்டை மொட்டைமாடியிலிருந்து பார்த்தால், எதிரெதிர்த் திசைகளில் வரும் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று உரசிச் செல்வதுபோல் தோன்றுவது உண்டு. அவ்வாறு தோன்றியது உண்மையிலேயே ஆபத்தான நெருக்கமா, விதிப்படி அமைந்த கடத்தலா என்பதைப் பெருமளவு தரையில் நின்றபடியே கணிக்க முடியும்.

முதலில் ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். விமானங்களுக்கிடையே உயர வேறுபாடு, கிடைமட்டத் தொலைவு ஆகிய இரண்டில் ஏதேனும் ஒன்று போதிய அளவு இருந்தாலே அவை பாதுகாப்பாகப் பிரிந்திருக்கின்றன என்று பொருள். இரண்டும் ஒரே நேரத்தில் குறைந்தால்தான் பிரிப்பு இழப்பு ஏற்பட்டதாகும். 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடைப்பட்ட பெரும்பாலான வான்பரப்பில் தேவைப்படும் உயர வேறுபாடு 1,000 அடி, அதாவது ஏறத்தாழ 305 மீட்டர். ரேடார் கண்காணிப்பில் கிடைமட்டத் தொலைவு பொதுவாக 5 கடல் மைல், அதாவது 9 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; பெரிய விமான நிலையங்களைச் சுற்றி இது 3 கடல் மைலாகக் குறையலாம்.

இந்த இரண்டு அளவுகளில் உயர வேறுபாட்டைக் கீழிருந்து பார்க்கும் கண்ணால் அறியவே இயலாது. நேர் மேலே ஒன்றின்மீது ஒன்றாகக் கடக்கும் விமானங்களுக்கு நடுவே 305 மீட்டர் வெற்றிடம் இருந்தாலும், நமக்கு அவை ஒட்டியே தெரியும். உருவத்தின் அளவும் நம்மை ஏமாற்றும். ஏறத்தாழ 74 மீட்டர் நீளமுள்ள போயிங் 777-300இஆர், 38 மீட்டருக்கும் குறைவான ஏர்பஸ் ஏ320-ஐவிட மேலே பறந்தாலும் கீழே இருப்பதுபோலத் தோன்றும். ஆகவே விமானங்களின் இருப்பிடத்தைக் காட்டும் செயலியைத் திறந்து, இரண்டின் உயர எண்களையும் பாருங்கள். பொது விதிப்படி, கிழக்கு நோக்கிச் செல்பவை 33,000, 35,000, 37,000 என ஒற்றைப்படை ஆயிரங்களிலும், மேற்கு நோக்கிச் செல்பவை 34,000, 36,000, 38,000 என இரட்டைப்படை ஆயிரங்களிலும் பறக்கின்றன. கொழும்பு செல்வது 35,000 அடியிலும் துபாய் செல்வது 36,000 அடியிலும் இருந்தால், நீங்கள் கண்டது அன்றாடம் நிகழும் சரியான கடத்தலே. செயலி காட்டும் எண் காற்றழுத்தத்தை வைத்துக் கணித்த உயரம் என்பதால் தரையிலிருந்து உள்ள உண்மையான உயரத்திலிருந்து அது மாறுபடும்; எனினும் அந்த உயரத்தில் எல்லா விமானங்களும் ஒரே அழுத்த அளவையே அடிப்படையாகக் கொள்வதால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை நம்பலாம்.

கிடைமட்டத் தொலைவுக்குக் கையே அளவுகோல். கையை முழுவதும் நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால், அது வானத்தில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். 35,000 அடி உயரத்தில் நேர் மேலே செல்லும் விமானத்திலிருந்து அதே உயரத்தில் 5 கடல் மைல் தள்ளியிருப்பது நான்கு முட்டி அகலத்துக்கு அப்பால் தெரிய வேண்டும். இவ்வளவு பெரிய இடைவெளியா என்று பலரும் வியப்பார்கள். ஆனால் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் வரும் இரு விமானங்கள் அதை இருபது விநாடிக்குள் கடந்துவிடும். தொடுவானத்தை நெருங்க நெருங்க இந்த முட்டிக்கணக்கு பொருந்தாது. நெடுந்தொலைவு லென்ஸில் எடுத்த படமும் இடைவெளியைச் சுருக்கிக் காட்டும். செயலியின் வரைபடத்திலும் விமானக் குறி பல கிலோமீட்டரை மறைத்துக்கொண்டு நிற்பதால், குறிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. விமானங்களின் சமிக்ஞையைப் பெறும் தரை ஏற்பிகள் இல்லாத கடற்பரப்பில் அது காட்டும் இடம் வெறும் கணிப்பாகவும் இருக்கலாம்.

உண்மையான கவனம் தேவைப்படுவது, இரண்டில் ஒன்று ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்போதுதான். தூத்துக்குடி விமான நிலையம் உள்ள வாகைகுளத்தில் தரையிறங்க வரும் சிறிய ஏடிஆர் விமானத்துக்கும் நெடும்பாதையில் பறக்கும் விமானத்துக்கும் பொதுவாகப் பல ஆயிரம் அடி வேறுபாடு இருக்கும். ஆனால் ஒத்த உயரங்களில் ஒன்று ஏற, மற்றொன்று இறங்கும் சூழலில் ஒரே ஒரு பிழை போதும். 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே, 14,000 அடியில் நிற்க வேண்டிய சவூதி போயிங் 747-உடன், 15,000 அடிக்குக் கீழே வரக் கூடாத கசகஸ்தான் இல்யூஷின் 76 இறங்கி மோதியதில் 349 பேரும் உயிரிழந்தனர். அப்போது டெல்லிக் கட்டுப்பாட்டாளரின் ரேடார் விமானத்தின் உயரத்தைக் காட்டாதது என் மனத்தை இன்றும் உறுத்துகிறது. அதன்பின் இந்திய வானில் பறக்கும் பயணிகள் விமானங்களுக்கு மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமாக்கப்பட்டது.

செய்திகளைப் படிக்கும்போது இந்தக் கருவியின் பங்கைத் தனியே தேட வேண்டும். அது முதலில் அருகில் விமானம் இருப்பதாக எச்சரிக்கும். நெருக்கம் தொடர்ந்தால் 'ஏறு' அல்லது 'இறங்கு' என்று ஆணையிடும். தரையிலிருக்கும் கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னாலும் விமானி கருவியின் ஆணைக்கே கீழ்ப்படிய வேண்டும். 2002 ஜூலை 1 அன்று ஜெர்மனியின் யூபர்லிங்கன் மீது, ஏறச் சொன்ன கருவியை விட்டு இறங்கச் சொன்ன கட்டுப்பாட்டாளரைப் பின்பற்றிய துப்பொலேவ் 154, சரக்கு விமானம் ஒன்றுடன் மோதி 71 பேர் மாண்டனர்.

'மயிரிழையில் தப்பிய விமானங்கள்' என்ற தலைப்பைக் கண்டால், எச்சரிக்கை மட்டும் வந்ததா, ஆணையும் வந்ததா, இரு விமானிகளும் அதன்படி நடந்தார்களா என்று பாருங்கள். பிறகு, விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு இறுதி அறிக்கை வெளியிட்டிருந்தால் அதை எடுத்து, மிகக் குறைந்த உயர வேறுபாடும் மிகக் குறைந்த கிடைமட்டத் தொலைவும் எந்தெந்த விநாடியில் பதிவாயின என்று ஒப்பிடுங்கள். இரண்டும் வெவ்வேறு விநாடிகளுக்குரியவையாக இருந்தால் அவற்றைச் சேர்த்துச் சொல்வது தவறு. ஒரே விநாடியில் இரண்டும் எவ்வளவு இருந்தன என்பதே உண்மையான நெருக்கத்தைக் காட்டும்.