வண்ணப்பெட்டியோடு ஐரோப்பா: பெரிய ஊரை விட்டுப் பக்கத்து ஊரில் தங்குங்கள்

முதல் தடவை போனபோது 21 நாளில் 12 ஊர் பார்த்தோம். ஸ்கெட்ச் புத்தகத்தில் நாலே பக்கம்தான் நிரம்பியது. அதில் ஒன்று, ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் வாயைத் திறந்தபடி தூங்கும் என் வீட்டுக்காரர். இரண்டாம் தடவை 78 நாள், ஐந்தே ஊர். 61 படம் வரைந்தேன், 14 தேறும். அதுவே எனக்கு நல்ல அறுவடை. அந்த இரண்டாவது பயணத்தை எப்படிப் போட்டோம் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். நீங்களும் நீர்வண்ணக்காரர் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நாள் கணக்கு. ஷெங்கன் விசாவில் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இதில் சேரும். 90 என்பது உச்சவரம்புதான். உங்களுக்கு எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருக்கும், அதைப் பார்த்த பிறகு அறை பிடியுங்கள்.

அடுத்தது திசை. தெற்கில் தொடங்கி வடக்கே ஏறுங்கள். ஏப்ரல் நடுவில் இத்தாலியின் டஸ்கனி பச்சைப்பசேல் என்று இருக்கும், ஜூலையில் போனால் அதே குன்றுகள் வைக்கோல் நிறத்துக்கு வந்திருக்கும். ஜூன் கடைசியில் நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தால் இரவு பத்து மணி வரை வெளிச்சம். மத்தியானம் தூங்கிவிட்டு ஆறு மணிக்கு மேல் வரைய உட்காரலாம்.

தங்கும் இடம்தான் இதில் முக்கியமான விஷயம். பெரிய ஊரில் தங்காதீர்கள், அரை மணி முதல் ஒன்றரை மணி வரை தள்ளியிருக்கும் சின்ன ஊரில் அறை பிடியுங்கள். ஃபிளாரன்ஸுக்குப் பதில் சியன்னா, வெனிஸுக்குப் பதில் பாதுவா, பாரிஸுக்குப் பதில் வெர்னோன், ஆம்ஸ்டர்டாமுக்குப் பதில் டெல்ஃப்ட். நடுவே தெற்கு பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதியில் எக்ஸ் என்ற ஊர். ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம், சில நாள் கூடலாம். வாடகை குறையும் என்பது ஒரு பக்கம். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து பத்தடி நடந்தால் வரைய ஏதாவது இருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிசு. பெரிய ஊருக்கு வாரத்தில் இரண்டு நாள் ரயிலோ பஸ்ஸோ ஏறினால் போதும்.

பெட்டியில் என்ன? பன்னிரண்டு அரை பேன் (சின்ன வண்ணக் கட்டி), மூன்று தூரிகை, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்திக் காகிதத்தில் இரண்டு பேட், நாலு கிளிப், மடக்கு ஸ்டூல். ட்யூப் வண்ணத்தைக் கைப்பையில் வைத்தால் திரவக் கணக்கில் பார்ப்பார்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள். பென்சில் சீவும் கத்தியும் அங்கேதான். எண்ணெய் வண்ணக்காரர்களுக்கு ஒன்று: டர்பென்டைனை விமானத்தில் எந்தப் பெட்டியிலும் எடுத்துப் போக முடியாது, அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். பாரிஸில் லூவ்ர் மியூசியத்துக்கு எதிர்க்கரையில், கே வோல்தேர் என்ற நதியோரத் தெருவில், 1887 முதல் இருக்கும் செனலியே கடை போதும். எதுவும் வாங்காவிட்டாலும் போங்கள், அந்த மர அலமாரிகளுக்காகவே போகலாம். ஆனால் காயாத பலகைகளைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறுவது எனக்கு ஒத்துவராது.

ஈஸல் (காகிதத்தை நிறுத்தி வரையும் தாங்கி) எடுத்துப் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். எக்ஸிலிருந்து ஒரு நாள் ஆர்ல் போனோம். ஓவியர் வான்கா 1888-இல் போய்த் தங்கிய ஊர் என்பதால் எனக்கும் ஈஸல் விரித்து நின்று வரைய ஆசை. அங்கே மிஸ்த்ரால் என்று வடக்கிலிருந்து ஒரு காற்று அடிக்கும். காகிதமும் ஈஸலுமாக ரோன் நதிக்கரையில் இருபதடி தூரம் போய் விழுந்தது. "பேரைப் பார்த்தே வாங்கியிருக்கக் கூடாது, ஈசல் என்றால் பறக்கத்தானே செய்யும்" என்றார் வீட்டுக்காரர். இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். மடியில் வைத்து வரைந்தால் இந்தத் தொல்லையும் இல்லை, நடைபாதையை மறித்ததாக யாரும் வந்து கேட்கப்போவதும் இல்லை.

சியன்னாவில் முதல் நாள் வண்ணம் தீட்ட வேண்டாம். பர்ன்ட் சியன்னா ட்யூபைப் பிதுக்கி ஒரு துண்டுக் காகிதத்தில் தடவி, ஏதாவது ஒரு செங்கல் சுவருக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இந்த மண்ணின் பேர்தான் அந்த ட்யூபின் பேர். எனக்கு வெயில் படும் இடத்தில் அப்படியே ஒட்டிப்போனது, நிழலில் ஒட்டவில்லை. கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம் கலந்தேன், சாம்பலானது. அலிசரின் சிவப்பு ஒரு பொட்டு வைத்த பிறகுதான் நிழல் நிழலாக விழுந்தது. ஒரு காலைப் பொழுது முழுக்க இதற்கே போனது. அடுத்த பதினைந்து நாளும் அந்தத் துண்டுக் காகிதம்தான் எனக்குக் கைவிளக்கு.

பாதுவாவில் ஸ்க்ரோவேஞ்ஜி சிற்றாலயத்துக்கு முன்பதிவு கட்டாயம். ஓவியர் ஜியோட்டோ 1305 வாக்கில் முடித்த சுவரோவியங்கள். உள்ளே பதினைந்து நிமிஷம்தான் விடுவார்கள். அதற்கு முன் ஓர் அறையில் உட்காரவைத்து, நம்மோடு வரும் ஈரமும் தூசியும் அடங்கிய பிறகே கதவு திறக்கும். நோட்டை வெளியே எடுக்காதீர்கள், அந்தப் பதினைந்து நிமிஷமும் நீலத்தை மட்டும் பாருங்கள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரையுங்கள். வெனிஸுக்கு ரயிலில் அரை மணிதான். சான் மார்கோ சதுக்கத்துப் பக்கம் தரையில் உட்கார விடமாட்டார்கள், ஜாத்தெரே கரைக்குப் போய்விடுங்கள். தெற்குப் பார்த்த கரை, வெளிச்சம் நாள் முழுக்க இருக்கும்.

எக்ஸில் ஓவியர் செசான் கடைசி வருஷங்களில் வேலை செய்த ஸ்டுடியோ லொவ் குன்றுச் சரிவில் இருக்கிறது (திறந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்). பெரிய கேன்வாஸை வெளியே எடுக்கச் சுவரில் உயரமாக ஒரு பிளவு விட்டுக் கட்டியிருப்பதைத் தேடிப் பாருங்கள். அங்கிருந்து இன்னும் மேலே ஏறினால் அவர் சேன்ட் விக்ட்வார் மலையைப் பார்த்து வரைந்த திடல். ஒரே மலையை அவர் ஏன் அத்தனை தடவை வரைந்தார் என்பது இரண்டாம் நாள் புரியும். காலையில் வெளிர் ஊதாவாக நிற்கும் மலை மத்தியானம் வெறும் சுண்ணாம்புப் பாறை. நான் ஆறு நாள் ஒரே கல்லில் உட்கார்ந்தேன். அங்கே வெயிலில் முதல் பூச்சு இரண்டாவது வருவதற்குள் காய்ந்துவிடும், காகிதத்தின் பின்பக்கத்தையும் நனைத்துக்கொள்ளுங்கள். ரூசியோன் ஊரின் ஓக்கர் (மஞ்சள், சிவப்பு நிற மண்) பாறைகளுக்குப் போவதானால் வெள்ளை உடுப்பு வேண்டாம். மண்ணை அள்ளி வரவும் கூடாது.

வெர்னோனுக்குப் பக்கத்திலிருக்கும் ஜிவெர்னி தோட்டம் திறந்திருப்பது ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரைதான். ஓவியர் மோனே 1883 முதல் 1926-இல் சாகும்வரை இருந்த வீடு. கண்டிப்பாகப் போங்கள், ஆனால் தோட்டத்துக் குளத்தின் மேலிருக்கும் பச்சைப் பாலத்தில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டத்தில் எதுவும் வரைய முடியாது. வெர்னோனிலேயே, உடைந்த பழைய பாலத்தின் இரண்டு தூண் மேல் காலை வைத்துக்கொண்டு ஒரு பழைய ஆலை நிற்கிறது. கீழே சேன் நதி. மோனே அதையும் வரைந்திருக்கிறார். காலை ஏழு மணிக்கு நானும் ஒரு நாய்க்காரரும்தான் இருந்தோம்.

பாரிஸ் மியூசியங்களுக்கு ஒரே விதி: ஒரு நாள், ஓர் அறை, ஒரு படம். லூவ்ருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்குத் திங்கள். பென்சிலுக்குப் பொதுவாகத் தடை இல்லை, மையும் வண்ணமும் உள்ளே எடுக்காதீர்கள்.

கூட வருபவர் வரையாதவராக இருந்தால் அவருக்கும் ஒரு வேலை வேண்டும். எங்கள் வீட்டில் சந்தை அவர் பொறுப்பு. நான் வரைந்து முடிப்பதற்குள் காய்கறி வாங்கி, ரயில் நேரம் பார்த்து, காப்பி வாங்கி வருவார். "இன்னும் பத்து நிமிஷம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒன்றரை மணி என்றால் ஒன்றரை மணி என்றே சொல்லிவிடுங்கள்.

டெல்ஃப்டில் ஓவியர் வெர்மீர் ஊரைப் பார்த்து வரைந்த இடத்தில் இன்றும் தண்ணீருக்கு இக்கரையில் நிற்கலாம். கோட்டை வாசல்கள் போய்விட்டன, வானம் அப்படியே இருக்கிறது. அந்தப் படம் பக்கத்திலேயே ஹேக் நகரத்தில், மவுரிட்ஸ்ஹவுஸ் மியூசியத்தில் தொங்குகிறது. பாதிக்கு மேல் வெறும் மேகம் என்பதைப் பார்த்துவிட்டு வந்து, உங்கள் காகிதத்திலும் அடிவானத்தைக் கீழே இறக்குங்கள். தூறல் ஊர், பூச்சு அரை மணியானாலும் காயாது. நான் தினமும் அறைக்கு ஓடி ஹேர் டிரையர் பிடித்தேன்.

ஊர் திரும்பும்போது படங்களைச் சுருட்டாதீர்கள். இடையிடையே மெல்லிய தாள் வைத்து, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவில் கட்டிக் கைப்பையில் வையுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் ஊர், மணி, கலந்த வண்ணம் மூன்றையும் அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள். வண்ணப்பெட்டியைக் கிளம்புவதற்கு முதல் நாளே கழுவித் திறந்து காயவையுங்கள். நான் டெல்ஃப்ட் ஈரத்தோடு மூடிவிட்டேன். வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்துத் திறந்தால் மஞ்சள் ஓக்கர் முழுக்கப் பூஞ்சை.