பூனை நக்கி நக்கி முடி கொட்டுகிறதா?

எங்கள் மணியின் அடிவயிறு மொழுமொழுவென்று ஆகிவிட்டது. முடி தானாக உதிரவில்லை, அவனே நக்கிப் பிடுங்கியதுதான். கழுத்திலும் முதுகிலும் தடவினால் கம்பு மணி போலப் பொருக்குகள். பூனைகளுக்கு அலர்ஜி பெரும்பாலும் இப்படித்தான் தெரியும்.

முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல் இருக்கட்டும். அதன் எச்சில்தான் ஆகாது. பூனை நக்கி விழுங்கிவிடுவதால் பூச்சி நம் கண்ணில் படாது. நெருக்கப் பல் சீப்பால் வாரி, விழும் கறுப்புத் துகளை ஈர டிஷ்யூவில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு. துகள் கிடைக்காவிட்டாலும் மருந்து போட்டுப் பார்க்க வேண்டும். பூனைக்கென்றே வரும் ஃபிப்ரோனில் அல்லது செலமெக்டின் சொட்டு மருந்தை, நாக்கு எட்டாத பிடரியில், முடியை விலக்கித் தோலில் விடுங்கள். மாதம் ஒருமுறை, குறைந்தது 3 மாதம், வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும். ஏனென்றால் தரையிடுக்கிலும் படுக்கையிலும் இருக்கும் கூட்டுப்புழுக்களிலிருந்து புதுத் தெள்ளுகள் வந்துகொண்டே இருக்கும். நாய் மருந்தில் பாதி விட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம்! அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனை செத்தே போகலாம்.

அதற்கும் அடங்காவிட்டால் கால்நடை மருத்துவர்தான். கடும் அரிப்புக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். அரிப்பு நின்றதும் நாமாக நிறுத்தக்கூடாது, அவர் சொல்கிறபடி மெல்லக் குறைக்க வேண்டும். நெடுநாள் கொடுத்தால் சர்க்கரை நோய் வரலாம் என்பதால், சில பூனைகளுக்கு, எதிர்ப்பு சக்தியின் வேகத்தைக் குறைக்கும் சைக்ளோஸ்போரின் எழுதுவார்கள். அது கேட்க 4 முதல் 6 வாரம் ஆகும். செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை சில பூனைகளுக்குத்தான் கேட்கும். நம் மருந்துப் பெட்டியிலிருந்து சளிக்கான கூட்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதில் பாராசிட்டமால் இருக்கக்கூடும், பூனைக்கு அது விஷம்.

அப்புறம், எல்லாரும் கேட்கும் மீன் எண்ணெய். ஒமேகா-3 தோலுக்கு நல்லதுதான், ஆனால் துணை மருந்துதான். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். துளியளவில் தொடங்குங்கள், கூடினால் பேதியாகும். மீன் ஈரல் எண்ணெய் வேறு சரக்கு. அதிலுள்ள வைட்டமின் ஏ, டி உடம்பில் சேர்ந்துவிடும்.

சாப்பாட்டு அலர்ஜியா என்று பார்ப்பதென்றால் மீன் எண்ணெயையும் நிறுத்த வேண்டும். பூனைகளுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, மீன், கோழி. இதுவரை தின்னாத ஒரு இறைச்சி உணவை, மருத்துவரிடம் கேட்டு, 8 வாரம் கொடுங்கள். பக்கத்து வீட்டு நெத்திலித் தலைகூட உள்ளே போகக்கூடாது. அரிப்பு அடங்கினால் பழைய சாப்பாட்டைத் திரும்ப வையுங்கள். இரண்டு வாரத்துக்குள் மறுபடி சொறிந்தால் காரணம் தட்டில்தான்.