அமெரிக்கர் எந்தக் கட்சிக்காரர்? கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கத் தேர்தல் வரைபடத்தில் சிவப்பைப் பார்த்ததும் நமக்கு இடதுசாரி என்றுதான் தோன்றும். அங்கே சிவப்பு குடியரசுக் கட்சி, நீலம் ஜனநாயகக் கட்சி. இது பழைய மரபும் அல்ல. 2000 தேர்தலில் தொலைக்காட்சிகள் எல்லாம் ஒரே மாதிரி வண்ணம் தீட்டியதிலிருந்து நிலைத்துவிட்ட வழக்கம்.

அதைவிடப் பெரிய சறுக்கல் 'கட்சிப் பதிவு' என்ற சொல்லில் நேர்கிறது. நம் ஊரில் கட்சிக்காரர் என்றால் உறுப்பினர் அட்டை இருக்கும், கிளைச் செயலாளர் இருப்பார். அங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவத்தில் எந்தக் கட்சி என்று குறிப்பதோடு சரி, சந்தா கிடையாது. டெக்ஸாஸ், ஜார்ஜியா, மிஷிகன், விஸ்கான்சின் போன்ற மாநிலங்களின் படிவங்களில் அந்தக் கேள்வியே இல்லை. வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவே இல்லை. ஆகவே பதிவுக் கணக்கை மாநில வாரியாகக் கூட்டி நாடு முழுமைக்கும் முடிவு சொன்னால் தப்பாகத்தான் போகும்.

பதிவு இருக்கும் மாநிலத்திலும் அது பழைய நிலையைத்தான் காட்டும். கென்டக்கியைப் பாருங்கள். 2000 முதல் ஒவ்வோர் அதிபர் தேர்தலிலும் அந்த மாநிலம் குடியரசுக் கட்சிக்கே போயிருக்கிறது. பதிவேட்டிலோ 2022 ஜூலை வரை ஜனநாயகக் கட்சிதான் முன்னிலை. காரணம் எளிது. அங்கே ஒரு கட்சியின் பிரைமரியில், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், அந்தக் கட்சியில் பதிந்தவர் மட்டுமே வாக்களிக்கலாம். மே மாதப் பிரைமரிக்கு முந்தைய டிசம்பர் 31-க்குள் கட்சியை மாற்றியிருக்க வேண்டும். கிராமப்புறக் கவுண்டிகள் (நம் மாவட்டம் போன்றவை) பலவற்றில் ஷெரிப், அதாவது காவல் தலைவர் யார், கவுண்டி கிளார்க் யார் என்பது நெடுங்காலம் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியிலேயே முடிவாகிவந்தது. உள்ளூரில் சொல் எடுபட வேண்டும் என்றால் அந்தப் பதிவைக் கைவிட முடியாது. அதிபர் தேர்தலில் ஓட்டு வேறு பக்கம் போகும், அவ்வளவுதான்.

அதே மாநிலத்தின் எலியட் கவுண்டி 1869-ல் உருவானது. 2012 வரை ஓர் அதிபர் தேர்தலில்கூட அது குடியரசுக் கட்சிக்குப் போனதில்லை. 2016-ல் ட்ரம்புக்குச் சுமார் 70 சதவீதம் விழுந்தது. 'ஒரே நாளில் தலைகீழ்' என்று எழுதத் தோன்றும். ஆனால் ஒபாமா 2008-ல் அங்கே சுமார் 61 சதவீதம் வாங்கி, 2012-ல் 50-க்கும் கீழே இறங்கித்தான் ஜெயித்தார். ஒரு தேர்தலை மட்டும் எடுத்துக்கொண்டு காரணம் தேடாதீர்கள். குறைந்தது நான்கு தேர்தல் முடிவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

அடுத்து, 'சுயேச்சை' என்று சொல்லிக்கொள்பவரை 'நடுநிலையாளர்' என்று மொழிபெயர்ப்பது. தமிழ்ச் செய்திகளில் தினமும் காணும் பிழை இது. இதைத்தான் முதலில் திருத்த வேண்டும். கருத்துக்கணிப்பு நடத்தும் காலப் நிறுவனத்தின் 2024 கணக்கில் தம்மைச் சுயேச்சை என்றவர்கள் 43 சதவீதம். பாதி நாடு மதில்மேல் பூனை என்று அர்த்தமில்லை. மிஷிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1952 முதல் இதை இரண்டு படியாகக் கேட்கிறார்கள். முதலில், பொதுவாக உங்களை எந்தக் கட்சிக்காரராக நினைக்கிறீர்கள்? கட்சிப் பெயரைச் சொன்னால், அந்தப் பிடிப்பு உறுதியானதா என்று கேட்பார்கள். சுயேச்சை என்றால், எந்தக் கட்சிக்கு நெருக்கமாக உணர்கிறீர்கள் என்பார்கள். இதில் ஏழு படிநிலைகள் கிடைக்கும். இரண்டாவது கேள்விக்கு ஒரு கட்சியைச் சொல்லும் 'சுயேச்சைகள்' பெரும்பாலும் பிடிப்புக் குறைந்த கட்சிக்காரர்களைப் போலவே அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார்கள். எந்தப் பக்கமும் சாயாதவர்கள் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேர், அவர்களிலும் பலர் வாக்குச்சாவடிக்கே வருவதில்லை. ஒரு கருத்துக்கணிப்பைக் கையில் எடுத்தால், சாய்வுள்ளவர்களைக் கட்சியோடு சேர்த்தார்களா, தனியே வைத்தார்களா என்று முதலில் பாருங்கள். கேட்டது வயதுவந்த எல்லோரையுமா, வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களையா, வாக்களிக்க வாய்ப்புள்ளவர்களையா என்பது அடுத்து.

கொள்கையை எடைபோட்டுக் கட்சியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. பல நேரம் நடப்பது இதற்கு நேர்மாறு. உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் 2003-ல் வெளியிட்ட சோதனைகளில், அரசு உதவித் திட்டம் ஒன்றைப் பற்றிய செய்தியை மாணவர்களிடம் கொடுத்தார். தாராளமான திட்டம் ஒன்று, கறாரான திட்டம் ஒன்று. தங்கள் கட்சி ஆதரிக்கிறது என்று எழுதியிருந்தால், தாராளவாதிகள் (ஜனநாயகக் கட்சிப் பக்கம்) கறாரானதையும் பழமைவாதிகள் (குடியரசுக் கட்சிப் பக்கம்) தாராளமானதையும் ஆதரித்தார்கள். கேட்டால், திட்டத்தைப் படித்துத்தான் முடிவெடுத்தோம் என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினார்கள். 'பொருளாதாரம் எப்படி இருக்கிறது' என்ற கேள்விக்கு வரும் பதில் வெள்ளை மாளிகையில் ஆள் மாறியதும் கட்சிவாரியாகப் புரள்வதும் இதனால்தான். அந்தப் பதிலை விலைவாசிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்காகக் கொள்கைக்கு வேலையே இல்லை என்று மறுகோடிக்கும் போகக் கூடாது. 1964-ல் ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்ட பிறகு தென்மாநில வெள்ளையர்கள் ஜனநாயகக் கட்சியை விட்டு நகர்ந்தார்கள். ஆனால் ஜார்ஜியா, உள்நாட்டுப் போரை அடுத்து வந்த மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் தன் முதல் குடியரசுக் கட்சி ஆளுநரைத் தேர்ந்தெடுத்தது 2002-ல்தான். பலர் கட்சி மாறவில்லை. அவர்கள் இடத்துக்கு அடுத்த தலைமுறை வந்தது.

பெற்றோர் வழியே கட்சி வருவது உண்மை. அப்பா, அம்மா இருவரும் ஒரே கட்சியாக இருந்து வீட்டில் அரசியல் பேசினால் நன்றாகவே ஒட்டும். அதோடு முடிந்துவிடுவதில்லை. 1930-களில் வெர்மான்ட்டின் பென்னிங்டன் கல்லூரிக்கு வசதியான, குடியரசுக் கட்சிக் குடும்பத்துப் பெண்கள் வந்தார்கள். 1936 தேர்தலில் முதலாண்டு மாணவிகளில் பெரும்பாலோர் குடியரசுக் கட்சியின் லாண்டன் பக்கம். மூத்த மாணவிகளில் அவருக்கு ஆதரவு மிகக் குறைவு. பல பத்தாண்டு கழித்துத் தேடிப்போய்க் கேட்டபோதும் கல்லூரியில் வந்த சாய்வு பெரும்பாலோரிடம் நீடித்தது. வயதானால் எல்லோரும் பழமைவாதிகளாகிவிடுவார்கள் என்பதை நம்பாதீர்கள். ஒருவரின் இப்போதைய வயதைவிட, அவருக்குப் பதினெட்டு வயதானபோது யார் அதிபர், அவர் எப்படி ஆண்டார் என்று கேளுங்கள்.

கடைசியாக, ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினரை எல்லாம் 'ஹிஸ்பானிக் ஓட்டு' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது. காஸ்ட்ரோ ஆட்சிக்குத் தப்பி மயாமி வந்த கியூபர்கள் நெடுங்காலமாகக் குடியரசுக் கட்சிப் பக்கம். மெக்சிகோ வம்சாவளியினர் நிறைந்த டெக்ஸாஸ் எல்லையோர ஸ்டார் கவுண்டியோ 1892-க்குப் பின் 2020 வரை குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளரைத் தொட்டதில்லை. 2016-ல் ஹிலரி கிளின்டனுக்கு அங்கே 79 சதவீதம். 2020-ல் பைடன் ஐந்து புள்ளியில் தப்பித்தார். 2024-ல் ட்ரம்ப் ஜெயித்தார். டெக்ஸாஸில் கட்சிப் பதிவு இல்லாததால் இந்த நகர்வு எந்தப் பதிவேட்டிலும் அகப்படாது. இரு கட்சிப் பிரைமரிகளிலும் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற கணக்கைத் தேர்தல் முடிவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் உள்ளூர்ப் பதவிகள் ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில்தான் தீர்மானமாகிவந்தன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.