கேனான் 1500டி-யிலிருந்து பழைய 80டி-க்கு மாறுவோர் கவனிக்க வேண்டியவை

கேனான் 1500டி கேமராவில் இரண்டு மூன்று ஆண்டுகள் பழகியவர்களுக்கு அதன் எல்லை ஒரு கட்டத்தில் தட்டுப்படத் தொடங்கும். அப்போது உடனே விளம்பரங்களைப் புரட்டாமல், கடந்த ஓராண்டில் எடுத்த படங்களைத் திறந்து வைத்து, தவறிய படம் ஒவ்வொன்றும் எதனால் தவறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளும் மண்டபங்களிலும் எடுத்தவை மங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் இருப்பதே உங்கள் குறை என்றால், அதற்குப் பெரும்பாலும் காரணம் கேமராவோடு வந்த 18-55 லென்ஸ்தான். அது 55 எம்எம்மில் எஃப்/5.6 அளவுக்குத்தான் திறக்கும் (எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் திறப்பு பெரிதாகும்). 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் அதைவிட 9 மடங்குக்கும் கூடுதலான ஒளியை உள்ளே விடும். அந்த ஒரு லென்ஸை வாங்கிச் சில மாதங்கள் பயன்படுத்திய பிறகும் குறை நீடித்தால் மட்டுமே கேமராவை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

கேமராவை மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் வேறு. 1500டி-யில் 9 ஃபோக்கஸ் புள்ளிகளே உண்டு. நொடிக்கு 3 படங்கள்தான் எடுக்கும் என்பதால், ஓடும் குழந்தையையோ பறக்கும் பறவையையோ தொடர்வது கடினம். வெளி மைக் பொருத்த வழியில்லை. ஃபிளாஷ் பொருத்தும் இடத்தில் ஃபிளாஷை இயக்கும் நடு மின்தொடர்பு நீக்கப்பட்டிருப்பதால், பிற நிறுவனங்களின் மலிவான ஃபிளாஷ்களும், தொலைவிலுள்ள ஃபிளாஷை இயக்கும் டிரிக்கர்களும் பல அதில் இயங்குவதில்லை. 2016இல் வெளிவந்த 80டி இந்த நான்கையும் தீர்க்கிறது. கிடை, நெடுக்குக் கோடுகள் இரண்டையும் உணரும் 45 குறுக்குவகை ஃபோக்கஸ் புள்ளிகள், நொடிக்கு 7 படங்கள், மைக் துளை, முழுமையான ஃபிளாஷ் தொடர்பு எல்லாம் அதில் உண்டு. ஷட்டர் வேகத்துக்கும் அபெர்ச்சருக்கும் (லென்ஸின் திறப்பு அளவு) தனித்தனிச் சக்கரங்கள் இருப்பதால், மேனுவல் முறையில் விரல் தடுமாறாது.

ஏறக்குறைய பழைய 80டி-யின் விலைக்கே பழைய கேனான் 6டி கிடைத்தால், பலருக்கு ஃபுல்ஃபிரேம் (இவற்றைவிடப் பெரிய சென்சார் கொண்ட கேமரா) ஆசை வரும். இருண்ட இடங்களில் 6டி சிறந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சிறிய சென்சார் கேமராக்களுக்கென்றே செய்யப்பட்ட, உங்கள் 18-55 போன்ற இஎஃப்-எஸ் லென்ஸ்கள் அதில் பொருந்தவே பொருந்தா. லென்ஸ்களையும் புதிதாக வாங்கும் செலவைச் சேர்த்துக் கணக்கிட்டால், பெரும்பாலானோருக்கு 80டி-யே ஏற்றது என்பது என் முடிவு.

பழைய கேமராவைப் பகல் வெளிச்சத்தில், குறைந்தது அரைமணி நேரமாவது கையில் வைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் மெமரி கார்டையும், நன்றாக இயங்குவதாக நீங்கள் அறிந்த லென்ஸையும் கொண்டுசெல்லுங்கள். முதலில் அடிப்பகுதித் திருகுகளைப் பாருங்கள். அவற்றின் தலை சிதைந்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள். அடுத்து, அபெர்ச்சரை எஃப்/16 ஆக்கி, ஃபோக்கஸ் இல்லாமல் வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்குங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை சென்சார் மேல் படிந்த தூசு, துடைத்தால் போய்விடும். கோடுகளாகத் தெரிபவை கீறல்களாக இருக்கலாம், அத்தகைய கேமராவை விட்டுவிடுங்கள். பிறகு 1/8000 நொடியில் வெளிச்சமான வானத்தை எடுங்கள். படத்தின் ஒரு பக்கம் பட்டையாக இருண்டிருந்தால் ஷட்டர் திரை தளர்ந்துவிட்டது என்று பொருள். செய்தித்தாள் ஒன்றைச் சாய்த்து வைத்து, ஒரே வரியை வியூஃபைண்டர் வழியாகவும் லைவ் வியூவிலும் (பின்திரையில் பார்த்து எடுக்கும் முறை) ஃபோக்கஸ் செய்து ஒப்பிட்டால், ஃபோக்கஸ் முன்பின் விலகுவது தெரிந்துவிடும். சிறு விலகலை 80டி-யின் மெனுவிலேயே திருத்தலாம் என்பதால் அதற்காக அஞ்ச வேண்டாம். மெனுவில் பேட்டரி பற்றிய தகவல் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அது காட்டும்.

ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்ற எண்ணிக்கையைக் கேனான் படக்கோப்பில் பதிவதில்லை. கோப்பின் எண்ணைப் பார்த்து முடிவு செய்யவும் முடியாது, ஏனெனில் அது 9999-க்குப் பிறகு மீண்டும் தொடங்கும். யுஎஸ்பி கம்பியால் மடிக்கணினியோடு இணைத்து, அதற்கான மென்பொருளால்தான் பார்க்க வேண்டும். 80டி-யின் ஷட்டருக்குக் கேனான் சொல்லும் ஆயுள் 1,00,000 இயக்கங்கள். இது உத்தரவாதமும் அன்று, கெடுவும் அன்று. கல்யாண ஒளிப்படக்காரர் ஒருவர் நாள்தோறும் பயன்படுத்தித் துடைத்துப் பேணிய கேமரா, பல ஆண்டுகள் பீரோவில் பூட்டியிருந்த கேமராவைவிட நல்ல நிலையில் இருப்பது இயல்பு. சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், மூடி வைத்த பொருளில்தான் பூஞ்சை விரைவாகப் பிடிக்கிறது.

ஆகவே லென்ஸும் சேர்த்து விற்கிறார்கள் என்றால், அதைக் கழற்றி, ஒரு முனையில் டார்ச் ஒளியைச் செலுத்தி மறுமுனை வழியாகப் பாருங்கள். பூஞ்சையின் அடையாளமான சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அந்த லென்ஸ் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அதை மற்ற லென்ஸ்களோடு ஒரே பையில் வைப்பதும் நல்லதன்று.

கடைசியாக, அடியில் உள்ள வரிசை எண்ணைப் பில்லோடு ஒப்பிடுங்கள். மெனுவின் காப்புரிமைத் தகவல் பகுதியில் வேறொருவர் பெயர் இருந்தால், அவர் யார் என்று விற்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். பில் இல்லையென்றால், விற்பவரின் பெயர், வரிசை எண், தொகை, தேதி ஆகியவற்றைத் தாளில் எழுதிக் கையொப்பம் பெற்ற பிறகே பணம் கொடுங்கள். 1500டி-யின் பேட்டரி 80டி-யில் பொருந்தாது என்பதால், எல்பி-இ6 வகைப் பேட்டரி ஒன்றைக் கூடுதலாக வாங்கவும் அந்தத் தொகையிலேயே இடம் விட்டுவையுங்கள்.