பூச்சி மருந்து அடிக்கும் முன் பூனையும் மீனும் எங்கே என்று பாருங்கள்

பினாங்கில் மழை விட்டதும் கொசு வந்துவிடும். டிங்கி பயத்தில் கை உடனே ஸ்ப்ரே டப்பாவைத் தேடும். அடிக்கும் முன் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பெர்மெத்ரின், சைபர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிகளின் பெயர் இருந்தால் வீட்டில் பூனையும் மீனும் உண்டா என்று யோசியுங்கள்.

மனித உடல் இந்த மருந்தைச் சீக்கிரம் முறித்து வெளியேற்றிவிடும். தோலில் பட்டால் எரிச்சல், குறுகுறுப்பு வரலாம்; சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூனையின் ஈரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. நடுக்கம், வலிப்பு வந்து உயிரே போகலாம். அதனால்தான் பெர்மெத்ரின் கலந்த நாய் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. தெரியாமல் போட்டுவிட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மீனுக்குத் துளி அளவே போதும். தொட்டியை மூடுங்கள், அப்புறம் காற்று பம்பையும் நிறுத்துங்கள். பலர் மறப்பது இந்தப் பம்பைத்தான், அறைக்காற்றை நீருக்குள் தள்ளுவது அதுதான். மருந்து காய்ந்து, சன்னல் திறந்து காற்றோடிய பிறகு பம்பைப் போடலாம், பூனையையும் உள்ளே விடலாம்.

கலக்கிய மருந்து மீந்தால் கால்வாயில் ஊற்றாதீர்கள். அது ஆற்று மீனுக்குப் போய்ச் சேரும்.