முகத்தில் ஊசி போடுமுன்: புதியவர்கள் விடும் பிழைகள்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இப்போது சருமத்துக்கு ஊசி போடும் இளம் வைத்தியர்கள் கூடிவிட்டார்கள். நல்லதுதான், முன்பென்றால் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்தால், நாங்கள் பழகிய காலத்துக் கூத்துகளே திரும்ப நடக்கின்றன. கையுறை போடு, ஊசியைத் திரும்பப் பாவிக்காதே என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் ஊசியைத் தொடவே கூடாது.

பூசும் கிறீமைக் கேட்காமல் தொடங்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும். புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். வேறோர் இடத்தில் இரண்டு தரம் பி.ஆர்.பி. (அவரவர் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த பிளேட்லெட் நீரை முகத்தில் ஏற்றுவது) செய்தாயிற்று, முகம் எரிகிறதாம். கன்னத்தில் சிவப்பாக நுண்ணிய இரத்தக் குழாய்கள், நாடியில் பரு, மேலுதட்டில் பூனைமயிர். "என்ன பூசுறனீங்கள்?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை டொக்டர்." தாய்தான் கைப்பையைத் திறந்து ஒரு வெள்ளை டப்பாவை மேசையில் வைத்தார். லேபிள் இல்லை. பியூட்டி பார்லரில் கலந்து கொடுத்த கிறீம்.

இப்படியான கலவைகளில் பீட்டாமெதசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொய்ட் மருந்துகள் அடிக்கடி இருக்கும். அவை கொலாஜன் உற்பத்தியை அடக்கித் தோலை மெலியவைக்கும். நாங்கள் பி.ஆர்.பி., பொலிநியூக்ளியோடைட் (மீனின் டி.என்.ஏ.யிலிருந்து எடுக்கும் ஊசிமருந்து) என்று ஏற்றுவதோ அதே கொலாஜனைத் தூண்டுவதற்கு. ஒரு கையால் வரம்பு கட்டி மறுகையால் வெட்டிவிடுகிற வேலை. அப்புறம் பயந்துபோய்க் கிறீமைச் சட்டென்று நிறுத்துவார்கள். முகம் சிவந்து, வீங்கி, பருவெடுக்கும். பழி ஊசியின் தலையில். அந்தத் தாய் சங்கிலியை அடகு வைத்துத்தான் காசு கட்டியவர்.

"கிறீம் பூசுறீங்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "முகத்துக்குப் போடுற எல்லாத்தையும் பையில போட்டுக்கொண்டு வாங்கோ" என்று முதலே சொல்லிவிடுங்கள். ஸ்டீரொய்ட் இருந்தால் அதைப் படிப்படியாக நிறுத்தி, சன்ஸ்கிறீனும் சாதாரண மொய்ஸ்சரைசரும் கொடுத்து, மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். அதுவரை வருமானம் இல்லையே என்று யோசிப்பவர் வேறு தொழில் பார்க்கலாம்.

ஆவணிக் கலியாணத்துக்கு ஆடிக் கடைசியில் வருபவர்

ஊசி போட வேண்டாம். கண்டலும் புடைப்பும் சில நாள் நிற்கும், எங்கள் நிறத் தோலில் குத்திய இடம் கறுத்தும் போகலாம். பி.ஆர்.பி. வழமையாக மாத இடைவெளியில் 3 தரம். பலன் தெரிய அதன்பின்னும் வாரங்கள் ஆகும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினால் கணக்குச் சரி. வெயிலில் வயலுக்குப் போகிறவரென்றால் அறுவடை முடியட்டும்.

பெயர் எழுதாத குழாய்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் அனுமதியில்லாத ஸ்பா ஒன்றில் பி.ஆர்.பி. செய்த பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது 2018இல் வெளிவந்தது. விசாரிக்கப் போனவர்கள் பெயரில்லாத இரத்தக் குழாய்களைச் சமையலறை மேசையிலும், குளிர்சாதனப் பெட்டியில் சாப்பாட்டோடும் கண்டார்கள். இரத்தம் எடுத்த உடனே பெயரை எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். ஆய்வுகூடப் பரிசோதனைக் குழாயையும் இதற்குப் பாவிக்க வேண்டாம்.

எக்சோசோம்

உயிர்க்கலங்கள் வெளியிடும் நுண்ணிய பைகள் இவை. ஊசியாக ஏற்ற அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எஃப்.டி.ஏ. ஒன்றுக்கும் அனுமதி கொடுக்கவில்லை.

லண்டன் மச்சாள் கொண்டுவந்த ஊசிமருந்துக் குப்பி

திருப்பிக் கொடுங்கள்.